தேறாத ஆளை இன்னொரு அணி ஏன் எடுக்கிறது?

2025 ஜூலை 7. அமெரிக்க பேஸ்பால். மில்வாக்கி ப்ரூவர்ஸ் அணிக்காக ஆண்ட்ரூ வான் முதன்முறையாக மட்டையோடு வந்து நிற்கிறார். எதிரே யோஷினோபு யமாமோட்டோ. முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் முதன்மைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். பேஸ்களில் இரண்டு பேர் காத்திருக்க, வான் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. ஹோம் ரன். மூன்று ரன்கள். யமாமோட்டோவால் அந்த முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்க முடியவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு வரை வான், சிகாகோ ஒயிட் சாக்ஸின் ஆள். அங்கே அந்த ஆண்டு அவருடைய பேட்டிங் சராசரி .189. பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்வதென்றால், .250 பக்கம் அடித்தால் நடுத்தரமான ஆள், .300 அடித்தால் நட்சத்திரம். .189 அடிப்பவருக்கு, உச்சப் போட்டியான மேஜர் லீகில் இடமே இல்லை. ஒயிட் சாக்ஸ் அவரை, ஆட்டக்காரர்களை வளர்க்கும் கீழ்நிலைப் போட்டியான மைனர் லீகுக்கு இறக்கிவிட்டு, ஜூன் 13 அன்று ப்ரூவர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வந்தவர் ஆரன் சிவாலே. தொடக்கப் பிட்சர் வேலையிலிருந்து தன்னை எடுத்துவிட்டார்களே என்று ப்ரூவர்ஸில் மனக்குறையோடு இருந்தவர். இரண்டு அணிகளும் தங்களுக்கு உதவாததைக் கைமாற்றிக்கொண்ட மாதிரிதான் அன்று தெரிந்தது.

ஆனால் இந்த வான் சாதாரண ஆள் கிடையாது. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது, 2018இல், நாட்டின் சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருதை வாங்கியவர். அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்ட்டில், 2019இல் மூன்றாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் 72 லட்சம் டாலர் பெற்றவர். அப்படிப்பட்டவர் ஆறு ஆண்டில் வேண்டாதவராகிறார். வேறொரு ஊரில், அதுவும் சிகாகோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் போய்ச் சேரக்கூடிய ஊரில், 64 ஆட்டங்களில் .308 அடிக்கிறார். ப்ரூவர்ஸ் அந்த ஆண்டு 97 ஆட்டங்களை வென்றது. எல்லா அணிகளையும்விட அதிகம்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒவ்வொரு மார்ச் மாதத்திலும் இப்படி யாராவது ஒரு முன்னாள் இளம் நட்சத்திரத்தை ஏதாவது ஒரு அணி எடுக்கும். செய்தியில் ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு சுவையானது.

முதலில் இந்த ஏணியைப் புரிந்துகொள்ள வேண்டும். கிரிக்கெட்டில் சச்சின் 16 வயதில் இந்தியாவுக்கு ஆடினார். பேஸ்பாலில் இன்று ஒருவர் 20 வயதில் மேஜர் லீகுக்கு வந்தாலே அதிசயம். டிராஃப்ட்டில் எடுத்த பையனை சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று படிப்படியாக ஏற்றுவார்கள். பள்ளியிலிருந்து நேராக வந்தவருக்கு நான்கைந்து ஆண்டு பிடிக்கும். மேலே வரப்போகிறவர் என்று கருதப்படும் இந்தப் பையன்களைத்தான் ப்ராஸ்பெக்ட் என்கிறார்கள். ஊர் ஊராகப் போய்த் திறமை தேடும் ஸ்கவுட்டுகள் இவர்களுடைய ஒவ்வொரு திறமைக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 50 என்றால் மேஜர் லீகின் நடுத்தரம். பேஸ்பால் அமெரிக்கா இதழ் 1990 முதல் ஆண்டுதோறும் முதல் 100 பேரைப் பட்டியல் போடுகிறது. அந்தப் பட்டியலின் மேல்பகுதியில் ஒருமுறை இடம்பிடித்தால் பெயர் சாகும்வரை கூடவே வரும். அது வரம்தான், சுமையும்கூட.

ஏன் சிலர் தேறுவதில்லை? காயம் ஒரு காரணம். தோளும் முழங்கையும் போனால் போனதுதான். 1991இல் நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளாக எடுத்த ப்ரையன் டெய்லருக்கு 15.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்தது. மேஜர் லீகில் அவர் ஒரு பந்துகூட வீசவில்லை.

காயமே இல்லாமல் தேங்கிப்போகிறவர்களும் நிறைய. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பேட்டரை அடைய 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் அடிப்பதா, விடுவதா என்று முடிவு எடுக்க வேண்டும். பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லாரையும் வெளுத்து வாங்கிய பையனுக்கு, வாழ்க்கையில் முதன்முறையாகத் தோல்வி வருவதே மேஜர் லீகில்தான், அதுவும் 40,000 பேர் முன்னிலையில். பழைய திறமை போதவில்லை என்று தெரிந்ததும் எதையாவது மாற்றிப் பார்க்கிறார். மாற்றியது பலிக்கவில்லை என்றால் இன்னொன்றை மாற்றுகிறார். கடைசியில் தன் இயல்பான ஆட்டமே மறந்துபோகிறது.

வானுக்கு நடந்தது அவசரம். 2019இல் மைனர் லீகில் அவர் ஆடியது 55 ஆட்டங்கள்தான், ஹை-ஏ வரை. 2020இல் கொரோனாவால் மைனர் லீகே நடக்கவில்லை. 2021 தொடக்கத்திலேயே ஒயிட் சாக்ஸ் அவரை டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ இரண்டையும் தாண்டி நேராக மேலே கொண்டுவந்தது. முதல் பேஸில் நிற்கிறவரை, பழக்கமே இல்லாத இடது ஃபீல்டில் ஓடவிட்டார்கள். அப்புறம் அணியே சரிந்தது. 2024இல் 121 தோல்விகள். நவீன பேஸ்பாலில் ஒரு பருவத்தில் எந்த அணியும் அதற்குமுன் அத்தனை தோற்றதில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஒரு 26 வயது ஆள் என்ன கற்றுக்கொள்வார்?

சரி, தேறவில்லை. உடனே விட்டுவிட வேண்டியதுதானே? விடமாட்டார்கள். விடவைப்பது விதிகள். இதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

மேஜர் லீக் அணி ஒன்று ஒரு நேரத்தில் களத்துக்குக் கூட்டிவரக்கூடியவர்கள் 26 பேர். அதற்குப் பின்னால் 40 பேர் கொண்ட பெரிய பட்டியல் ஒன்று உண்டு. அந்த 40இல் இருப்பவரை மேலே கூப்பிடலாம், கீழே அனுப்பலாம். ஆனால் அப்படிக் கீழே அனுப்ப ஒருவருக்கு மூன்று பருவங்கள்தான் அனுமதி. இதை ஆப்ஷன் என்கிறார்கள். மூன்றும் தீர்ந்தால், கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் மற்ற 29 அணிகளிடமும் "யாருக்காவது வேண்டுமா?" என்று கேட்டாக வேண்டும். இதற்கு வேவர் என்று பெயர். தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு முதல் உரிமை. எடுக்கிற அணி கட்ட வேண்டியது 50,000 டாலர். இந்தக் கணக்கில் அது சில்லறை.

ஆகவே பெரிய பெயர் எடுத்த பையனுக்கு 25, 26 வயது ஆகும்போது கடிகாரம் நின்றுவிடுகிறது. இருபத்தாறு பேரில் ஒருவராக வைத்துக்கொள், இல்லையேல் இழந்துவிடு. வெல்லத் துடிக்கும் அணியால் தடுமாறுகிறவருக்கு ஒரு இடத்தைத் தாரைவார்க்க முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 2018இல் இரண்டாவதாக எடுத்த கேட்சர் ஜோயி பார்ட்டுக்கு இதுதான் நடந்தது. அந்த அணியின் புகழ்பெற்ற கேட்சர் பஸ்டர் போசியின் வாரிசு என்று சொல்லப்பட்டவர். 2024 தொடக்கத்தில் ஆப்ஷன் இல்லை, இடமும் இல்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒரு மைனர் லீக் பிட்சரைக் கொடுத்து எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு 80 ஆட்டங்களில் 13 ஹோம் ரன்கள் அடித்தார்.

எடுக்கிற அணியின் பக்கம் இருந்து பாருங்கள். 2025இல் மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். நல்ல ஆட்டக்காரர் ஒருவரைச் சந்தையில் வாங்க ஆண்டுக்குப் பல பத்து லட்சம் டாலர் வேண்டும். ஒருவர் ஆறு ஆண்டு மேஜர் லீக் சேவை முடிக்கும்வரை அணியின் பிடியிலேயே இருப்பார். வேவரில் வந்தவர் தேறிவிட்டால், மிச்சமிருக்கும் ஆண்டுகளும் கூடவே வரும். தேறாவிட்டால் இரண்டு மாதத்தில் விட்டுவிடலாம். இழப்பு கொஞ்சம், ஆதாயத்துக்கு எல்லையில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: 72 லட்சம் டாலர் போனஸ் கொடுத்தது பழைய அணி. அந்த வலியும் எதிர்பார்ப்பும் அங்கேயே நின்றுவிடுகின்றன. புதிய அணி கேட்பது ஒரு நட்சத்திரத்தை இல்லை, ஒழுங்காக ஆடும் ஓர் ஆளை மட்டுமே. அதே .240 ஒரு ஊரில் ஏமாற்றமாகவும் இன்னொரு ஊரில் நல்ல செய்தியாகவும் இருக்கிறது.

பணக்கணக்கு இவ்வளவுதான். ஆனால் மலிவாகக் கிடைக்கிறார் என்பதற்காக மட்டும் எடுத்தால் தேறாது. எடுக்கும் அணிக்கு அந்த ஆளிடம் குறிப்பாக ஏதோ ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இதற்கு ஜேக் அரியேட்டாவைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அரியேட்டா பால்டிமோர் ஓரியோல்ஸ் பெரிதாக நம்பி வளர்த்த பிட்சர். உடலைக் குறுக்காகத் திருப்பி, மூன்றாவது பேஸ் பக்கமாகக் காலை வைத்து வீசுவது அவருடைய இயல்பு. அது பார்க்கக் கோணலாக இருக்கும். ஆனால் பந்து எங்கிருந்து வருகிறது என்று வலது கை பேட்டர்களுக்குப் பிடிபடாது. ஓரியோல்ஸ் அந்தக் காலை நேராக்கப் பார்த்தது. அவருக்குப் பிடித்த, கடைசி நேரத்தில் லேசாக விலகும் கட்டர் பந்தையும் ஒதுக்கச் சொன்னது. அங்கே அவருடைய ஈஆர்ஏ, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுக்கும் ரன், 5.46. மோசமான எண். 2013 ஜூலை 2 அன்று ஓரியோல்ஸ் பிளேஆஃப் கனவில் ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற அனுபவப் பிட்சரை வாங்க, அரியேட்டாவையும் பெட்ரோ ஸ்ட்ராப்பையும் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்தது. ஃபெல்ட்மனின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிவது. கப்ஸோ அப்போது வெல்லும் நிலையில் இல்லை. அதனால் அவர்களிடம் ஒன்று தாராளமாக இருந்தது: நேரம்.

கப்ஸ் புதிதாக எதையும் திணிக்கவில்லை. உனக்கு வருகிற மாதிரி வீசு என்று விட்டார்கள். பழைய கோணலும் பழைய பந்தும் திரும்பின. 2015இல் 22 வெற்றி, 6 தோல்வி, ஈஆர்ஏ 1.77, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. அந்த ஆகஸ்டில் டாட்ஜர்ஸுக்கு எதிராக ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம், அடுத்த ஏப்ரலில் சின்சினாட்டிக்கு எதிராக இன்னொன்று. 2016இல் கப்ஸ் 108 ஆண்டுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியபோது அவர் வெறும் உறுப்பினராக இல்லை, தூணாக இருந்தார். ஓரியோல்ஸில் இருந்தவர்கள் முட்டாள்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோணலான அசைவு தோளைக் கெடுக்கும் என்ற பயம் பேஸ்பாலில் பரவலாக உண்டு. ஆனால் ஒருவரைத் திருத்துவதற்கும் அழிப்பதற்கும் இடையே உள்ள கோடு எத்தனை மெல்லியது என்று இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

வான் விஷயத்திலும் ப்ரூவர்ஸ் பார்த்தது சராசரியை இல்லை. பந்தை அடிக்கும் வேகம் குறையவில்லை. குறைந்தது பொறுமை. எல்லைக்கு வெளியே வரும் பந்துகளைத் துரத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பந்தின் பாதையையும் ஒவ்வொரு அடியின் வேகத்தையும் கேமராக்கள் அளந்து தரும் காலம் இது. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. .189 என்ற எண்ணுக்கு அடியில், இது துரதிர்ஷ்டமா, கெட்ட பழக்கமா, உடம்பு தளர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க முடிகிறது. பழக்கம் என்றால் மாற்றலாம். அவரை உடனே மேலே ஏற்றாமல் ட்ரிபிள்-ஏ நாஷ்வில்லில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். ரீஸ் ஹாஸ்கின்ஸுக்குக் கட்டைவிரலில் அடிபட்டபோதுதான் கதவு திறந்தது.

சிலருக்குத் தேவைப்படுவது கற்றுத்தருபவர்கூட இல்லை, வெறும் காலம். ஜுரிக்சன் ப்ரொஃபார் குராசாவ் தீவுக்காரர். 2004 லிட்டில் லீக் உலகத் தொடரை வென்ற சிறுவர் அணியில் ஆடியவர். 2013இல் பேஸ்பால் அமெரிக்கா பட்டியலில் உலகத்திலேயே முதல் ப்ராஸ்பெக்ட். அப்புறம் தோள் போனது. 2014, 2015 இரண்டு பருவமும் மேஜர் லீகில் முழுசாகக் காலி. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் இரண்டு ஆண்டு ஆடாமல் போவது, பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டையும் பள்ளிக்குப் போகாமலே கடப்பது மாதிரி. டெக்சாஸ் விட்டது, ஓக்லண்ட் விட்டது, சான் டியேகோவிலிருந்து அவரே விலகினார், கொலராடோ 2023 ஆகஸ்டில் நடுப்பருவத்திலேயே விடுவித்தது. 2024 பிப்ரவரியில் சான் டியேகோ திரும்ப எடுத்தபோது அடிப்படைச் சம்பளம் 10 லட்சம் டாலர். அந்த ஆண்டு .280, 24 ஹோம் ரன்கள். ரசிகர்கள் வாக்களித்து அவரை ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் தொடக்க வரிசையில் நிறுத்தினார்கள். அப்போது வயது 31.

இந்தக் கதையை நான் இங்கேயே நிறுத்திவிட்டால் பொய்யாகிவிடும். 2025 ஜனவரியில் அட்லான்டா ப்ரேவ்ஸ் அவருக்கு மூன்று ஆண்டுக்கு 4.2 கோடி டாலர் கொடுத்தது. மார்ச் 31 அன்று தடைசெய்யப்பட்ட மருந்துக்காக 80 ஆட்டத் தடை வந்தது. முந்தைய ஆண்டின் மகிழ்ச்சியில் எவ்வளவு சுத்தமானது என்ற கேள்வி அன்றே எழுந்தது. அவருக்காகச் சந்தோஷப்பட்ட எல்லாருக்கும் அது வலித்தது.

ஜாஷ் ஹாமில்டனின் கதை வேறு தினுசு. 1999 டிராஃப்ட்டில் முதல் ஆள், டாம்பா பே எடுத்தது. போதைக்கும் குடிக்கும் அடிமையாகி, தடை மேல் தடை வாங்கி, ஆண்டுக்கணக்கில் பேஸ்பாலைவிட்டே விலகி இருந்தார். ரூல் 5 என்று ஒரு டிராஃப்ட் டிசம்பரில் நடக்கும். பல ஆண்டு மைனர் லீகிலேயே கிடந்தும் 40 பேர் பட்டியலில் சேர்க்கப்படாதவரை இன்னொரு அணி பிடுங்கிக்கொள்ளலாம், ஆனால் அடுத்த பருவம் முழுக்க மேஜர் லீகில் வைத்திருக்க வேண்டும். 2006 டிசம்பரில் அப்படி கப்ஸ் மூலமாக சின்சினாட்டி ரெட்ஸ் அவரை வாங்கியது. மேலாளர் ஜெரி நாரனின் அண்ணன் ஜானி நாரன், ஹாமில்டனைச் சிறுவயதிலிருந்தே அறிந்தவர். அவரைப் பயிற்சியாளர் குழுவில் சேர்த்து ஹாமில்டன் கூடவே இருக்கவைத்தார்கள். 2007இல் 19 ஹோம் ரன்கள். 2010இல் டெக்சாஸுக்காக .359, அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. பின்னாளில் போதை அவரை மறுபடி துரத்தியது. ஆனாலும் ரெட்ஸ் அன்று செய்ததில் எனக்குப் பிடித்தது அந்த ஒரு காரியம்: ஆளை மட்டும் வாங்கவில்லை, ஆளுக்குத் துணையையும் சேர்த்து ஏற்பாடு செய்தது.

இனி மறுபக்கம். இவர்கள் விதிவிலக்குகள். 2018இல் ஆறாவதாக எடுக்கப்பட்ட ஜாரெட் கெலெனிக்கைப் பெறுவதற்காக 2023 டிசம்பரில் ப்ரேவ்ஸ், சியாட்டிலின் வேண்டாத சம்பளங்களையும் சேர்த்துச் சுமந்தது. அவர் 2024இல் .231 அடித்தார், 2025 ஏப்ரலில் ட்ரிபிள்-ஏவுக்குப் போனார். 2016இல் இரண்டாவதாக எடுக்கப்பட்ட நிக் சென்செலை சின்சினாட்டி விட்டதும் வாஷிங்டன் எடுத்தது. அடுத்த கோடையிலேயே விட்டுவிட்டது. மேலே சொன்ன பார்ட்டுக்கும் அடுத்த ஆண்டு ஹோம் ரன்கள் வற்றிப்போயின. வெற்றியையும் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். 2016இன் முதல் ஆள் மிக்கி மோனியாக்கை 2025 பருவம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் விடுவித்தது. கொலராடோ எடுத்தது, 24 ஹோம் ரன்கள் அடித்தார். ஆனால் டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெலிது, பந்து தூரமாகப் பறக்கும். அந்த ஆண்டு 119 ஆட்டங்கள் தோற்ற அணி என்பதால் தினமும் ஆட இடமும் இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. பெயர் உள்ளவருக்கு மூன்றாவது, நான்காவது வாய்ப்பும் கிடைக்கிறது. அதே எண்களோடு இருபதாவது சுற்றில் வந்தவரைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. ஜோசே பௌட்டிஸ்டா 2000இல் இருபதாவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 2004 ஒரே பருவத்தில் நான்கு மேஜர் லீக் அணிகளுக்கு ஆடி அலைக்கழிக்கப்பட்டார். 2010இல் டொராண்டோவுக்காக 54 ஹோம் ரன்கள் அடித்தார். மேக்ஸ் மன்சியை 2017 மார்ச்சில் ஓக்லண்ட் விடுவித்தது. டாட்ஜர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது, அடுத்த ஆண்டே 35 ஹோம் ரன்கள். இவர்கள் யாரும் பட்டியலின் உச்சியில் இருந்தவர்கள் இல்லை. பழைய மதிப்பெண்ணை நம்பி ஒருவரை எடுக்கிற அணி, அந்த மதிப்பெண்ணே கிடைக்காதவரைத் தவறவிடுகிறது. ஸ்கவுட் 17 வயதில் பார்த்த திறமை பொய்யில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஸ்கவுட் வராத ஊரிலும் பையன்கள் பந்து வீசிக்கொண்டிருந்தார்கள்.

மார்க் அப்பெல்லோடு முடிக்கிறேன். 2013இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அடுத்து கப்ஸ் எடுத்தது கிறிஸ் பிரையன்டை. பிரையன்ட் மூன்றே ஆண்டில் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் கோப்பையையும் பெற்றார். அப்பெல் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டார், தோளும் முழங்கையும் படுத்தின, 2018இல் ஆட்டத்தைவிட்டே விலகினார். டிராஃப்ட் வரலாற்றின் மிகப் பெரிய ஏமாற்றம் என்று அவர் பெயரை எழுதினார்கள். 2021இல் திரும்பி வந்து மைனர் லீகில் வீச விரும்பினார். ஃபிலடெல்ஃபியா சம்மதித்தது.

2022 ஜூன் 29, ஃபிலடெல்ஃபியா. எதிரே அட்லான்டா. அணி தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவரைக் கூப்பிட்டார்கள். டிராஃப்ட்டுக்குப் பிறகு ஒன்பது ஆண்டு, வயது 30. ரன் கொடுக்காமல் முடித்தார். அந்த ஆண்டு ஆறு ஆட்டங்கள், மொத்தம் பத்தேகால் இன்னிங்ஸுக்குச் சற்று மேல், ஈஆர்ஏ 1.74. அதற்குப் பிறகு அவர் மேஜர் லீகில் வீசவில்லை.